திறந்த மென்பொருள், மூடிய பட்டியல்

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து பிழைப்பு தேடிச் சென்று, சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே வாழ்ந்தவர்களின் 370 வீடுகள் அதில் போயின. தில்லியின் விளிம்பில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெற 189 குடும்பங்களுக்கே தகுதி உண்டு என்றது முதலில் வெளியான பட்டியல். பிறகு அந்த எண் 215 ஆனது. மற்றவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

189க்கும் 215க்கும் நடுவே 26 குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் இந்தக் குடும்பங்களின் கடந்த காலம் மாறிவிடவில்லை. அவர்கள் அதே சந்தில், அதே கூரையின் கீழ், அத்தனை ஆண்டுகள் இருந்தவர்கள்தான். மாறியது அரசின் கையிலிருந்த தாள். தாள் ஒரு முறை மாற முடிந்தது என்றால், முதல் பட்டியல் சொன்ன ‘தகுதியில்லை’ என்பது உண்மையைப் பற்றிய தீர்ப்பாக இருக்கவில்லை, ஆவணங்களின் நிலையைப் பற்றிய குறிப்பாகத்தான் இருந்தது என்று பொருள். அந்தக் குறிப்பைத் தீர்ப்பாகக் கொண்டு வீடுகளை இடித்தது தவறு என்பதே நமது முடிவு. அதற்கான காரணங்களைப் பட்டியல்கள் உருவாகும் இடத்திலிருந்து, அதாவது தரவுத்தளங்களின் உலகத்திலிருந்தே எடுத்துக் காட்டுகிறோம்.

தில்லியின் 2015ஆம் ஆண்டு குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கை தகுதியை இப்படி வரையறுக்கிறது: குடிசைப் பகுதி 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். குடிசை 2015 ஜனவரி 1க்கு முன் எழுந்திருக்க வேண்டும். குடியிருப்பவரின் பெயர் 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது இருக்க வேண்டும்; கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, மின் ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற பன்னிரண்டு வகை ஆவணங்களில் ஒன்று, அதே முகவரியில், 2015க்கு முன் வாங்கியதாக இருக்க வேண்டும். இதைக் கணினி சரிபார்த்தாலும் எழுத்தர் விரல் வைத்துச் சரிபார்த்தாலும் வேலை ஒன்றுதான். ஓர் அட்டவணையில் உள்ள பெயரை இன்னோர் அட்டவணையில் உள்ள பெயரோடு பொருத்துவது. தரவுத்தளக்காரர்கள் இதை ‘ஜாயின்’ என்பார்கள்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்த முறைக்கு அடித்தளம். எல்லாத் தகவலையும் அட்டவணைகளாக வையுங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். எப்படித் தேடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அவர். இன்று வங்கி, ரயில்வே முன்பதிவு, மருத்துவமனை, நியாயவிலைக் கடை எல்லாம் இந்த ஏற்பாட்டின் மேல் நிற்கின்றன. அரை நூற்றாண்டாக இத்துறையின் பெரும் உழைப்பு அந்த ‘எப்படி’யை வேகப்படுத்துவதில்தான் சென்றது. இன்டெக்ஸ் என்ற தேடல் குறிப்பு சரியாக இருந்தால் கோடி வரிகளில் ஒரு வரியை வட்டில் நான்கைந்து இடங்களைத் தொட்டே எடுத்துவிடலாம்.

அப்படியானால் 370 குடும்பங்களைச் சில வாக்காளர் பட்டியல்களோடு ஒப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? சட்டைப் பையில் இருக்கும் கைபேசிகூட அதைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். எனவே மதராசி கேம்ப் விஷயத்தில் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. பட்டியலில் பெயர் கிடைக்காதபோது வீட்டுக் கதவைத் தட்டி, அக்கம்பக்கத்தில் விசாரித்து, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைப் பதிவைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் நிர்வாகம் செலவிட வேண்டியிருந்தது.

ஜாயின் செய்வதில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டு அட்டவணைகளிலும் பொருந்தியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுவது ஒரு வழி. விடுபட்டவர்கள் விடையில் வெற்றிடமாகக்கூடத் தெரிய மாட்டார்கள். அவர்கள் கேட்கப்பட்டார்கள் என்பதற்கே தடயம் இருக்காது. இன்னொரு வழியில், முதல் அட்டவணையில் உள்ள ஒவ்வொருவரும் விடையிலும் இருப்பார்கள். பொருந்தும் பதிவு கிடைக்காத இடத்தில் ‘நல்’ என்ற வெற்றுக் குறி நிற்கும். தெரியவில்லை என்பது அதன் பொருள். தெரியாததற்கும் இல்லாததற்கும் வேறுபாடு உண்டு என்பதில் காட் கடைசிவரை உறுதியாக இருந்தார். ஆம், இல்லை என்ற இரண்டோடு, தெரியாது என்ற மூன்றாவது நிலையையும் தர்க்கத்தில் சேர்க்கச் சொன்னார்.

முதல் அட்டவணை எது என்பது இங்கே அறம் சார்ந்த கேள்வி. அரசின் கணக்கெடுப்பாளர் நேரில் வந்து எண்ணிய 370 வீடுகளை முதல் அட்டவணையாகக் கொண்டால், பதிவு கிடைக்காத வீடு ஒவ்வொன்றும் விசாரிக்க வேண்டிய ஒரு வெற்றுக் குறி. வாக்காளர் பட்டியலையும் ஆவணத்தையும் முதன்மையாகக் கொண்டால், அதே வீடு ‘ஆக்கிரமிப்பு’ ஆகிவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் அடுப்பெரியும் வீடு. அதற்கு எதிர்ச்சாட்சி பதின்மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு பட்டியல். தில்லி நிர்வாகம் இரண்டாவதை நம்பியது.

இதில் பெயர்களின் சிக்கல் வேறு. தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். வடக்கின் படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டும். ஒரு படிவத்தில் தலைப்பெழுத்து விரிந்து தந்தையின் பெயர் கடைசிப் பெயராகும். இன்னொன்றில் கணவரின் பெயர் அந்த இடத்தில் உட்காரும். மூன்றாவதில் கட்டம் காலியாக இருக்கும். ‘ழ’கரம் இந்தியில் ஒரு எழுத்தாகவும் ஆங்கிலத்தில் வேறொன்றாகவும் பதிவாகும். முனியம்மாள் ஓரிடத்தில் முனியம்மா, இன்னோரிடத்தில் முன்னியம்மா. எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று கேட்டால் இந்தப் பெண்மணி ஒரே வீட்டில் மூன்று பேராகிவிடுவார், மூவருமே ஆவணமற்றவர்கள்.

ஒலியை வைத்துப் பெயரைப் பொருத்தும் கருவிகளும் உண்டு. அவற்றில் பழையதான சவுண்டெக்ஸுக்கு 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆங்கில ஒலிப்புக்கு ஏற்ப வகுத்த முறை அது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் இன்றும் அந்தக் கருவி இருக்கிறது. ஆனால் யுடிஎஃப்-8 போன்ற குறியாக்கங்களில் எழுதிய பெயர்களுக்கு அது சரியாக வேலை செய்யாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. இந்திய மொழிகளை எழுதப் பயன்படுவது அந்தக் குறியாக்கம்தான். கருவியைச் செய்தவர்கள் அதன் குறையைக் கருவியோடு சேர்த்தே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் கதை நமக்குப் பாடமாகும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது. 1996இல் இந்தப் பெயரைப் பெற்று, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல், உலகம் முழுவதும் உள்ள பங்களிப்பாளர்களால் வளர்க்கப்படுகிறது. அதன் போட்டியாளரான மைஎஸ்க்யூஎல் 1995இல் வந்தது. தொடக்க ஆண்டுகளில் மைஎஸ்க்யூஎல் வேகத்துக்குப் பேர் போனது. அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. ஓர் அட்டவணையின் பதிவு இன்னொன்றில் உண்மையாகவே இருக்கிறதா என்று சரிபார்க்கும் கட்டுப்பாடு அதில் இல்லை. அது ஏன் தேவையில்லை என்று விளக்கும் பகுதியே அதன் பழைய கையேட்டில் இருந்தது. பாதியில் அறுந்த வேலையைப் பழைய நிலைக்கு மீட்கும் இன்னோடிபி என்ற சேமிப்பு முறை 2010இல் வந்த 5.5ஆம் பதிப்பில்தான் அதன் இயல்பு ஏற்பாடானது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மெதுவானது என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே சரியாக இருப்பதை முதலில் வைத்துக்கொண்டது. வேகம் பின்னால் வந்து சேர்ந்தது. இறுதியில் மைஎஸ்க்யூஎல்லும் அந்தத் திசைக்கே திரும்பியது.

சரியாக இருப்பதாக நம்பியவர்களுக்கும் 2018இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. தகவலை வட்டில் எழுதிவிட்டாயா என்று தரவுத்தளம் இயங்குதளத்தைக் கேட்கும். எழுத முடியவில்லை என்று ஒரு முறை பதில் வந்தால் மீண்டும் கேட்பது வழக்கம். லினக்ஸ் இயங்குதளத்தில் இரண்டாவது முறை கேட்கும்போது, தகவல் தொலைந்துபோன நிலையிலும் வெற்றி என்ற பதில் வந்துவிடக்கூடும் என்பது தெரியவந்தது. சுமார் இருபது ஆண்டுகளாக அந்தப் பதிலை நம்பியே நிரல் எழுதப்பட்டிருந்தது. எவரும் அதை மூடி மறைக்கவில்லை. பொதுவெளியில் எல்லோரும் படிக்கும்படி விவாதித்தார்கள். லினக்ஸ் கருவின் பொறுப்பாளர்களோடு வாதாடினார்கள். 2019 பிப்ரவரியில் திருத்தம் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்தின்படி, எழுதியது நிச்சயமில்லை என்றால் தரவுத்தளம் தன்னையே நிறுத்திக்கொள்ளும். முன்பே எழுதி வைத்த நடவடிக்கைப் பதிவிலிருந்து மீண்டு எழும். நிச்சயமில்லாததை நிச்சயம் என்று சொல்வதைவிட வேலையை நிறுத்துவது மேல் என்று ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2025 ஜூன் 1 காலையில் ஜங்புராவில் நின்ற அதிகாரிகளிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இதே சமூகத்தின் இன்னொரு நிகழ்வு 2024 மார்ச்சில் நடந்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லை வளர்ப்பவர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் செயல் வழக்கத்தைவிடச் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்ததில், எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவிக்குள் யாரோ நீண்ட காலம் திட்டமிட்டு ஒளித்து வைத்த பின்வாசல் வெளிப்பட்டது. மூல நிரல் திறந்திருந்ததால்தான் தனி ஒருவரால் அதைத் தொடர்ந்து போக முடிந்தது. கண்டதை அவர் மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். வேகத்தை அளப்பது அங்கே பெருமைக்கான எண்ணாக நிற்கவில்லை. ஏன் என்று கேட்கும் பழக்கமாக இருந்தது.

மூடிய உலகின் வழக்கம் வேறு. 1983இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட்டும் அவர் குழுவும் தரவுத்தளங்களின் வேகத்தை அளந்து பெயரோடு வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு ஆரக்கிள் போன்ற நிறுவனங்கள், எங்கள் அனுமதியின்றி வேக அளவீட்டை வெளியிடக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதிக்கொண்டன. அந்த விதிக்கு இன்றுவரை டிவிட்டின் பெயர்தான் வழங்குகிறது. பணம் கொடுத்து வாங்கியவர்கூட வாங்கிய பொருளின் திறனைப் பற்றி வெளியே பேசக் கூடாது!

இந்திய அரசு எந்தப் பக்கம் இருக்கிறது? ஏட்டளவில், திறந்த பக்கம். அரசுத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று 2015இல் மத்திய அரசு கொள்கை வகுத்தது. அரசு எழுதும் செயலிகளின் மூல நிரலைத் திறந்து வைப்பது பற்றியும் அதே ஆண்டில் தனிக் கொள்கை வந்தது. ஆதார் அமைப்பே மைஎஸ்க்யூஎல், ஹடூப் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் மேல் எழுந்ததுதான். உரிமக் கட்டணம் இல்லாமல் பல நாட்டு நிரலாளர்களின் உழைப்பைப் பெற்றுக்கொண்டது அரசு. அதோடு வந்திருக்க வேண்டிய ஒழுக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது. எந்த விதியால் ஒரு பெயர் கழிக்கப்பட்டது, எத்தனை பெயர்கள் தவறாகக் கழிக்கப்பட்டன, தவறைக் கண்டவர் எங்கே சொல்வது என்பவையெல்லாம் மூடியே இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் எந்த வினவலுக்கு முன்னும் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்று தட்டினால், எந்த வழியில் தேடப்போகிறது, எத்தனை வரிகள் கிடைக்கும் என்று கணித்திருக்கிறது என்பதை வரிக்கு வரி காட்டும். இயந்திரம் தயங்காமல் தரும் விளக்கத்தை, அத்தகைய இயந்திரங்களைக் கையாளும் அலுவலகம் குடிமகனுக்குத் தர மறுக்கிறது.

இந்த மறுப்பின் விலை தெலங்கானாவில் தெரிந்தது. 2014க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகள், முன்னறிவிப்பின்றி ரத்தாயின. பல துறைகளின் பதிவுகளை இணைத்து ஆளை அடையாளம் காணும் கணினி முறை அதில் பயன்பட்டது. கார் வைத்திருக்கும் வேறொருவரோடு பெயர் குழம்பி, ரிக்‌ஷா இழுத்த ஒருவரின் குடும்பம் அரிசியை இழந்ததும் அதில் உண்டு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நேரடிக் கள ஆய்வு செய்யச் சொன்னது. அதன்பின் பரிசீலித்த சுமார் 2 லட்சம் மனுக்களில் 15,000க்கும் மேற்பட்டவை தகுதியுள்ளவை என்று தெரிந்தது. கதவைத் தட்டிய பிறகு வெளிவந்த உண்மை இது. தட்டாத கதவுகளுக்குப் பின்னால் இருந்ததை யார் கணக்கிட்டார்கள்?

தமிழகத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. மின் பயன்பாடு, நிலம், வாகனம், வருமானம் ஆகிய பதிவுகளோடு ஒப்பிட்டு 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். கழிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் போனது. 30 நாளில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்லப்பட்டது. நவம்பரில் மேலும் 7 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அந்தத் திட்டத்தின் அளவுகோல்களோடு ஒருவர் முரண்படலாம். ஆனால் காரணத்தைச் சொன்னால் பிழை திருந்தும் என்பதும், லட்சக்கணக்கான பெயர்களுக்கே காரணம் சொல்ல முடியும் என்பதும் அங்கே நிரூபணமாயிற்று. தில்லியில் இருந்தவை 370.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பாராபுல்லா வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் சுற்றுப்பகுதிகள் வெள்ளத்தில் மூழ்குவது உண்மை. வடிகாலைத் தூர்வாரவே தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9 அன்று இடிப்புக்கு நாள் குறித்தது. மறுவாழ்வையும் சேர்த்தே உத்தரவிட்டது. நரேலா குடியிருப்பில் அடிப்படை வசதிகளைச் செய்து முடிக்கக் கெடுவும் வைத்தது. தகுதி விதிகள் இல்லாவிட்டால் இடைத்தரகர்கள் புகுந்து வீடுகளைக் கொண்டுபோவார்கள் என்ற அச்சமும் வெற்றுப் பேச்சல்ல. இவையெல்லாம் வடிகாலைச் சீரமைக்கவும் விதிகளை வகுக்கவும் காரணமாகும். ஆவணம் கிடைக்காததை ஆள் இல்லாததாகக் கொள்வதற்குக் காரணமாகாது. வருபவர் ஏமாற்றுக்காரராக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கும் மருந்து நேரடி விசாரணைதான். பழைய பட்டியலை மறுபடி புரட்டுவதல்ல.

இடிபாட்டில் ஆவணம் தொலையும் அவலத்தை நீதிமன்றமே முன்பு கவனித்திருக்கிறது. 2010இல் சுதாமா சிங் வழக்கில் இதே தில்லி உயர் நீதிமன்றம், புல்டோசர் வாசலில் நிற்கும்போது தான் அங்கே வாழ்ந்ததைக் காட்டும் தாள்களைக் காப்பாற்றத் தவிக்கும் குடிசைவாசியைப் பற்றிக் கவலையோடு எழுதியது. ஏழையிடம் ஆவணம் கேட்கிற அரசு, அந்த ஆவணத்தை அழிக்கிற கரமாகவும் இருக்கிறது. வெள்ளம், தீ, இடிப்பு என்று ஒவ்வொரு தடவையும் தாள்கள் போகின்றன. தாளின் மூலப் பதிவு மட்டும் அரசிடம் பத்திரமாக இருக்கிறது. அப்படியிருக்க, நிரூபிக்கும் சுமை யார் தலையில் இருக்க வேண்டும்?

தரவுத்தள உலகம் நமக்குத் தரும் இன்னொரு அளவுகோல் பரிவர்த்தனை பற்றியது. ஒரு வங்கிக் கணக்கில் பணத்தைக் கழித்து இன்னொன்றில் சேர்ப்பது இரண்டு செயல்கள். நடுவில் மின்சாரம் போனால்? கழித்தது நிற்க, சேர்ப்பது நடக்காமல் போகலாம். அதனால் இரண்டையும் பிரிக்க முடியாத ஒன்றாகக் கட்டுகிறார்கள். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. ஜிம் கிரே போன்றவர்கள் வகுத்து, 1983இல் இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் பெயரிட்டுத் தொகுத்த நான்கு இலக்கணங்களில் முதலாவது இது. பத்து ரூபாய் பரிமாற்றத்துக்குக்கூட இந்தப் பாதுகாப்பு உண்டு. வீட்டைப் பறித்தலும் வீட்டைத் தருதலும் இப்படிக் கட்டப்பட்டிருக்க வேண்டாமா? மதராசி கேம்பில் கழித்தல் முடிந்தது. நரேலாவுக்குப் போனவர்கள் தண்ணீர், மின்சார வசதி முழுமையாக இல்லாத வீடுகளைப் பற்றி முறையிட்டதைச் செய்தியாளர்கள் பதிவு செய்தார்கள். ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், வேலை செய்யும் வீடுகளையும் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியையும் விட்டு விலகிய இடம் அது. தகுதியற்றோர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு அதுவும் கிடையாது. கணினியில் அறுந்த பரிவர்த்தனையைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். இடித்த வீட்டை எந்தக் கட்டளையும் திருப்பித் தராது. திருப்ப முடியாத செயலுக்குத்தான் அதிகப் பாதுகாப்பு வேண்டும் என்பது பொறியாளனுக்குப் பாலபாடம். நிர்வாகிக்கு ஏன் இல்லை?

தமிழக அரசுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் தில்லி அரசிடம் இதை எழுப்பியதும், சொந்த மாவட்டங்களுக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாக அறிவித்ததும் நல்ல செயல்கள். ஆனால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் ஏழைகளை நகரின் விளிம்புக்குக் கொண்டுபோய்க் குவித்த வரலாறு நம்முடையது. இங்கேயும் கணக்கெடுப்பு, பயோமெட்ரிக், பட்டியல், விடுபட்டவர்கள் என்ற அதே வரிசைதான். பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு என்று 2020இலேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. தீர்மானம் எடுக்கும் கணினி முறைகளை மக்களிடம் கொண்டுபோகும் முன் நியாயமும் வெளிப்படைத்தன்மையும் சோதிக்கப்பட வேண்டும் என்கிறது அந்த ஆவணம். அதைச் சென்னையின் மறுகுடியமர்த்தல் பட்டியல்களுக்கு முதலில் பொருத்திக் காட்டினால், தில்லியிடம் நீதி கேட்கும் குரலுக்கு எடை கூடும்.

கடைசியாக நம் மென்பொருள் பொறியாளர்கள். கட்டற்ற மென்பொருளில் தமிழரின் பங்கு சிறிதல்ல. ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ என்ற நூலை எழுதி, யாரும் படிக்கலாம், பகிரலாம் என்று கணியம் என்ற இணைய இதழ் வழியே கொடுத்தவர்கள் நம்மவர்கள். 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் 12ஆம் பதிப்பு, தமிழ்ச் சொற்களை அடிச்சொல்லாகச் சுருக்கித் தேடும் வசதியைப் பெற்றது. இந்த ஆற்றல் உள்ளவர்கள், பெயர் பொருத்தும் அரசு ஒப்பந்தம் கைக்கு வரும்போது வினவல் எத்தனை மில்லி நொடியில் முடிந்தது என்று மட்டும் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது தகாது. எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்று உரிமம் சொல்கிறது, உண்மை. உரிமம் பேசுவது நிரலைப் பற்றி. நிரலை ஓட்டுகிறவனின் மனசாட்சியை அது விடுவிப்பதில்லை. தான் எழுதிய வினவல் யாரையெல்லாம் விட்டுவிட்டது என்று பார்ப்பதும் அவனது வேலைதான். அதற்கு ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

எனவே நாம் கோருவது இவை. தகுதி விதிகள் கணினிக்கு எப்படிக் கொடுக்கப்பட்டனவோ அப்படியே, அந்தப் பகுதி மக்களின் மொழியில் விளக்கத்தோடு, முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். கழிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்த அட்டவணையில் எது பொருந்தவில்லை என்பதை எழுத்தில் தர வேண்டும். நேரில் எண்ணப்பட்ட எந்த வீடும், கள விசாரணை இல்லாமல் பட்டியலிலிருந்து விழக் கூடாது. தமிழ், வங்காள, வடகிழக்குப் பெயர்களை வைத்துப் பொருத்தும் முறையைச் சோதித்து, பிழை விகிதத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். மேல்முறையீடு முடிந்து, மாற்று வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் வந்த பிறகே இடிப்பு. மதராசி கேம்பில் விடுபட்ட குடும்பங்களின் கோப்புகளை இந்த அளவுகோலின்படி தில்லி அரசு இப்போதே மீண்டும் திறக்க வேண்டும்.

இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. உலகெங்கும் உள்ள பங்களிப்பாளர்கள் ஒரு தரவுத்தளத்துக்காக இருபது, முப்பது ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் ஒழுக்கம்தான் இது. பொதுமக்கள் வரியில் ஊதியம் பெறுகிறவர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவுகோலை ஏற்க முடியாது. காரணம் சொல்ல முடியாத பட்டியலுக்கு ஒரு கூரையையும் இறக்கும் உரிமை கிடையாது. அந்த உரிமையை எடுத்துக்கொண்ட நிர்வாகம் மதராசி கேம்ப் மக்களுக்கு அநீதி இழைத்திருக்கிறது.